மேல்வீட்டுத் தண்ணீர்

ஜூன் 3

தம்பிக்கு,

பொருள்: மேல்வீட்டுத் தண்ணீர்.

நேற்று படிக்கட்டில் நின்று நாம் இருவரும் போட்ட கூச்சலை எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அப்பா கட்டிய வீட்டில் நீ மேலேயும் நான் கீழேயும் இத்தனை வருடம் இருந்திருக்கிறோம், தெருவுக்கு இப்படி ஒரு காட்சி கொடுத்ததில்லை. வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் இனிமேல் எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். நான் எழுதியதை உன் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். நீ எழுதியதை என் தபால் பெட்டியில் போடு.

என்ன நடந்தது என்று நீ இறங்கி வந்து பார்க்கவில்லை. அதனால் சொல்கிறேன். உன் சமையலறைக்கு நேர் கீழே என் கூடம். கூடத்தில் குட்டி ரயில் ஓடும் என் ரயில் மேஜை. கூரையில் வழிந்த தண்ணீர் சரியாக மலை உச்சியில் விழுந்திருக்கிறது. கம்பி வலை மேல் பழைய செய்தித்தாளை ஒட்டி, அதன் மேல் பிளாஸ்டர் பூசி, ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து வண்ணம் தீட்டிய மலை அது. பாதி கரைந்துபோய் அடிவாரத்து வீடுகள் மேல் உட்கார்ந்துவிட்டது. பலகை ஊறி உப்பிவிட்டதால் தண்டவாளம் அலை அலையாக நிற்கிறது. எந்த வண்டியும் ஓடாது. புல்லுக்காகப் பச்சைச் சாயம் ஏற்றி ஒட்டியிருந்த மரத்தூள் ஸ்டேஷன் வரை மிதந்து வந்து, பயணிகள் முழங்கால் வரைக்கும் கீரைச் சாற்றில் நிற்பதுபோல் நிற்கிறார்கள். நீல இன்ஜினின் மோட்டாருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. மேஜை விசிறிக்கு முன்னால் வைத்திருக்கிறேன். பிழைக்குமா தெரியாது.

இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த காலமெல்லாம் ஊரார் வீட்டுச் சேதத்தைத்தான் மதிப்பிட்டேன். எரிந்த குடோன், கவிழ்ந்த லாரி, இடிந்த சுவர் என்று எதைப் பார்த்தும் எனக்கு நெஞ்சு அடைத்ததில்லை. நேற்று அடைத்தது. நீ அதைத்தான் "பொம்மை ரயில்" என்றாய்.

வாஷிங் மெஷின் குழாய் கழன்றுவிட்டது என்று சொன்னாய். சரி. அதை ஒழுங்காக மாட்டு. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணன்

*

ஜூன் 5

அண்ணனுக்கு,

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எழுதுகிறேன். மூக்குக்கண்ணாடி போட வந்த ஒருவர், "என்ன சார், லவ் லெட்டரா?" என்கிறார். பொருள் என்று தலைப்பு வைத்து அண்ணனிடமிருந்து எனக்கு ஆபீஸ் கடிதம் வருகிறது என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

மெஷின் குழாயை மாற்றிவிட்டேன். உங்கள் மலைக்கு வருந்துகிறேன். இதை மனதார எழுதுகிறேன்.

ஆனால் பொம்மை என்று நான் சொன்னது மட்டும் உங்களுக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் நீங்கள் சொன்னது நினைவில்லை. "ஒரு குழாயை மூடத் தெரியாத பொம்பளைக்கு வீடு எதுக்கு, குடித்தனம் எதுக்கு?" அவள் கதவுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். நீங்கள்தான் அவளுக்கு டீச்சர் என்று பெயர் வைத்தீர்கள். நாங்கள் கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து உங்கள் வாயில் அவள் டீச்சர். அன்றைக்கு மட்டும் பொம்பளை ஆகிவிட்டாள்.

இன்னொன்று. துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்காதீர்கள். அவள் திடுக்கிட்டுப் போகிறாள். அதன் பிறகு வெகுநேரம் அமைதியாவதில்லை.

தம்பி

*

ஜூன் 19

தம்பிக்கு,

மறுபடியும் தண்ணீர்.

இன்று காலை நீ கடைக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சொட்ட ஆரம்பித்தது. பலகையைக் காயவைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி நிமிர்த்தி, வளைந்த தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டிருந்தேன். நேற்றுத்தான் சரக்கு வண்டி ஒரு முழுச் சுற்று சுற்றியது. இன்று அதே இடத்தில் அதே ஈரம். இந்தத் தடவை ஸ்டேஷன் கூரையும் போயிற்று. அட்டைக் கூரைதானே, சோறு மாதிரி குழைந்துவிட்டது.

துடைப்பக் கட்டையை எடுக்கவில்லை. நீ சொன்னாயே என்று நானே மேலே ஏறி வந்தேன். டீச்சர் கதவைத் திறக்கக் கொஞ்சம் நேரம் ஆனது. அவள் நின்ற தரை முழுக்கத் தண்ணீர். அவள் புடவை ஓரம் நனைந்திருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, "இப்பத்தான் மூடினேன், பெரியவரே. காபி குடிக்கிறீங்களா?" என்றாள். நான் இறங்கிவிட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு உறுத்தலாக இருந்தது. ஒருவன் வீட்டை நனைத்துவிட்டு இப்படியா சிரிப்பது?

இப்போது உன்னைப் பற்றி. காலமெல்லாம் பொய் கேட்டே சம்பளம் வாங்கியவன் நான். முதல் தடவை வந்த தண்ணீரில் சோப்பு வாடையே இல்லை என்பதை அன்றைக்கே கவனித்தேன். மெஷின் குழாய் கழன்றிருந்தால் சுவரோரம் இறங்கியிருக்கும். இது நடுத்தரையில் தேங்கி, மெதுவாக ஊறி இறங்கிய தண்ணீர். யாரோ குழாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒரு தடவை என்றால் கவனக்குறைவு. இரண்டாவது தடவையும் என்றால் என்னவென்று சொல்வது? என் கூடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று உங்கள் இருவருக்கும் எண்ணம் இருந்தால் அதை நேராகச் சொல்லலாம்.

மேல்வீட்டுக்குத் தண்ணீர் போகும் வால்வு படிக்கட்டுக்கு அடியில் என் பக்கம் இருக்கிறது. உண்மையான காரணத்தை நீ எழுதாவிட்டால், நீ கடைக்குப் போனதும் அதை மூடிவிடுவேன். சாயங்காலம் நீ வந்ததும் திறந்துவிடுகிறேன்.

அண்ணன்

*

ஜூன் 20

அண்ணனுக்கு,

வால்வை மூடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

குழாய்கள் எல்லாம் பழையவை. உள்ளே வாஷர் தேய்ந்துவிட்டது. மூடினாலும் சரியாக மூடுவதில்லை. அதுதான் காரணம். பிளம்பருக்குச் சொல்லிவிட்டேன், வந்து எல்லாவற்றையும் மாற்றிவிடுவார். கூரையைக் கீழேயிருந்தும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

உங்கள் கூடத்தின் மேல் எங்களுக்கு எந்த எண்ணமும் இல்லை. அப்படி எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இதற்கு மேல் எதையும் துருவாதீர்கள், அண்ணா. சில விஷயங்களைத் துருவாமல் விடுவதும் ஒரு மரியாதைதான்.

தம்பி

*

ஜூன் 25

தம்பிக்கு,

உன் பிளம்பர் வந்தார். வந்த லட்சணத்தைச் சொல்கிறேன். கூரையைத் தட்டிப் பார்க்க ஏணியை விரித்தார். "மேஜை இருக்கு, பாத்து வைங்க" என்றேன். "எல்லாம் பாத்துட்டேன் சார்" என்று சொல்லிக்கொண்டே ஏணியின் ஒரு காலைச் சுரங்கப்பாதைக்குள் இறக்கிவிட்டார். மலையில் மீதி இருந்ததும் பொத்தலாகிவிட்டது. அவர் காலை உருவியபோது பாலத்தின் கைப்பிடியும் கூடவே வந்தது. "ஃபெவிகால் போட்டா ஒட்டிக்கும் சார்" என்று எனக்கு ஆறுதல் வேறு.

அதையெல்லாம் விடு. போகும்போது அவரிடம் கேட்டேன். "மேல எத்தன குழாய் மாத்துனீங்க?" அவர் சொன்னார்: "மாத்த என்ன சார் இருக்கு? எல்லாம் புதுசாத்தான் இருக்கு. மூடுனா கல்லு மாதிரி நிக்குது. அந்தம்மா பின்னாலயே வந்து ஒவ்வொண்ணையும் மூடி மூடிப் பாத்துக்கிட்டிருந்தாங்க."

ஆக, இதுவும் பொய். என்னிடம் உண்மையைச் சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம்? நான் என்ன வேற்றாளா?

நாளையிலிருந்து நீ கிளம்பியதும் வால்வை மூடுகிறேன். டீச்சரிடம் இரண்டு வாளி தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்.

அண்ணன்

*

ஜூலை 1

அண்ணனுக்கு,

நேற்று நடந்ததை நீங்கள் பாதி பார்த்தீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

அவள் பாலை அடுப்பில் வைத்திருக்கிறாள். பால் வற்றி, பாத்திரம் கருகி, பக்கத்தில் கிடந்த துணியில் தீ பிடித்திருக்கிறது. அவள் செய்ய வேண்டியதைத்தான் செய்தாள், குழாயைத் திறந்தாள். தண்ணீர் வரவில்லை. அடுத்த குழாயைத் திறந்தாள். அதிலும் வரவில்லை. நான் பிடித்து வைத்திருந்த வாளிகள் குளியலறையில் இருந்தன. அவை அங்கே இருப்பது அவளுக்கு ஞாபகம் இல்லை. காலையில் நான் மூன்று தடவை சொல்லிவிட்டுத்தான் போனேன். கையாலேயே அடித்து அணைக்கப் பார்த்திருக்கிறாள்.

நீங்கள் புகையைப் பார்த்து ஓடி வந்தீர்கள், அணைத்தீர்கள், ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். அதற்கு நன்றி. நன்றி சொல்லிவிட்டேன். இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

உண்மை வேண்டும் என்று கேட்டாயே, இந்தா வைத்துக்கொள். அவளுக்கு மறதி நோய். போன வருடமே டாக்டர் சொல்லிவிட்டார். வர வேண்டிய வயதுக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டது, போகப் போக அதிகமாகும், திரும்பாது. முழங்கால் வலியால் பள்ளிக்கூட வேலையை விட்டாள் என்று உன்னிடம் சொன்னோமே, அது வலி இல்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் பாதி போட்டுவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் பயந்துபோய் ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டார்கள். மறுநாளே எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

மெஷின் குழாய், வாஷர், எல்லாம் நான் சொன்ன பொய். அவள் கேட்டுக்கொண்டதால் சொன்னேன். "யாருக்கு வேணா தெரியட்டும், கீழ இருக்கிறவருக்கு மட்டும் தெரியக் கூடாது" என்றாள். ஏன் தெரியுமா? "அவர் ஒடஞ்சது எதுன்னு தேடிப் பாத்தே பழகினவர். இனிமே என்னையும் அப்படித்தான் பாப்பார்." இதுதான் அவள் சொன்னது. நீ அன்றைக்குச் சிரிப்பு உறுத்தியது என்று எழுதினாயே, நீ கண்டுபிடித்துவிடக் கூடாது என்றுதான் அப்படிச் சிரித்தாள்.

கட்டுப் பிரித்ததும் அவளை அவள் அக்கா வீட்டில் கொண்டுபோய் விடப்போகிறேன். அக்காவுக்குச் சம்மதம். அந்த ஊரில் எனக்குப் பிழைப்பு இல்லை, கடையை விட்டுவிட்டு நானும் அங்கே போக முடியாது. வாரக் கடைசியில் போய்ப் பார்த்துக்கொள்வேன். மேல்வீட்டைப் பகலில் பூட்டியே வைக்கிறேன். இனி உன் ரயில் நனையாது.

தம்பி

*

ஜூலை 4

தம்பிக்கு,

இதை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இதையாவது கிழிக்காமல் உன் கதவுக்கடியில் தள்ள வேண்டும்.

ஒன்றாம் தேதி நீ எழுதிய கடிதத்தின் நடுவில் "நீங்கள்" என்பது "நீ" ஆகிவிட்டது. நீ கவனித்தாயோ இல்லையோ. நான் அதற்கும் கீழே இறங்கத் தகுந்தவன்தான், இருக்கட்டும்.

புகை வாடை வந்ததும் கையில் கிடைத்த வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மேஜை வழியில் நின்றது. இடித்துத் தள்ளிக்கொண்டு போனேன், எதெது விழுந்தது என்று பார்க்கவில்லை. திரும்பி வந்து பார்த்தபோது ஸ்டேஷனின் மேல் என் செருப்புத் தடம் இருந்தது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சொல்ல வந்தது வேறு. வால்வு படிக்கட்டுக்கு அடியில்தான் இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஓடினேன். ஒரு திருகு திருகியிருந்தால் அவள் திறந்து வைத்திருந்த குழாய் எல்லாம் கொட்டியிருக்கும். அந்த நேரத்தில் அது எனக்குத் தோன்றவில்லை. மூடத் தோன்றியவனுக்குத் திறக்கத் தோன்றவில்லை.

உள்ளே போனபோது டீச்சர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "தண்ணி நின்னு போச்சு, பெரியவரே. நான்தான் எதையோ தப்பாத் திருகிட்டேன் போல. அவர்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். ஆட்டோவில் போகும்போதும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நான்தான் மூடினேன் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சொன்னேன். "அப்படியா? நல்ல வேள" என்றாள். தான் செய்யவில்லை என்றதும் அவ்வளவு நிம்மதி அவள் முகத்தில். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

படிக்கட்டில் நான் சொன்ன வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடமும் கேட்பேன், அவள் மறந்திருந்தாலும் கேட்பேன்.

இப்போது ஒரு யோசனை. அவளை அனுப்பாதே. நாம் வீட்டை மாற்றிக்கொள்வோம். நீங்கள் கீழே வாருங்கள், நான் மேலே போகிறேன். கீழ்வீட்டில் குழாயைத் திறந்துவிட்டால் யார் தலையிலும் சொட்டாது. தண்ணீர் பின்வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போய்ச் சேரும். அடுப்பை மாற்றி, தானாக அணையும் மின்சார அடுப்பு வைக்கலாம். நீ கடையில் இருக்கும் நேரத்தில் நான் வீட்டில்தானே இருக்கிறேன், எனக்கு என்ன வேலை? அக்கா வீடு அவளுக்குப் புது வீடு. புது வீட்டில் எந்தக் கதவு எந்த அறைக்குப் போகிறது என்று இனிமேல் போய் எப்படி மனதில் வைப்பாள்? இந்த வீடாவது அவளுக்குப் பழகியது.

ரயில் மேஜை மேலே ஏறாது என்பது எனக்குத் தெரியும். கூடத்துக்குள்ளேயே வைத்துச் செய்தது அது. கதவை அளந்தா செய்தேன்? அறுத்துத்தான் எடுக்க வேண்டும். எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணன்

*

ஜூலை 8

அண்ணனுக்கு,

கோபத்தில் எழுதியது அது. "நீ" என்று வந்ததை நான் கவனிக்கவில்லை. மன்னியுங்கள்.

உங்கள் யோசனையை அவளிடம் சொன்னேன். "அவர் மேஜைய அறுக்கச் சொல்லாதீங்க" என்றாள். மறுநாள் காலையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. அப்போதும் அதே பதில்தான் வந்தது. அதனால் அது அவள் மனதில் இருப்பதுதான் என்று நினைக்கிறேன்.

நானும் வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். கோபத்தில் இல்லை. உங்களை எனக்குத் தெரியும். மேஜையில் ஒரு ஆணி இடம் மாறினால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவர் நீங்கள். இது ஒரு நாள் கூத்து இல்லை. காலையில் சொன்னதை மத்தியானம் கேட்பாள். மத்தியானம் சொன்னதைச் சாயங்காலம் கேட்பாள். சாப்பிட்டதை மறந்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வருவாள். பெற்ற பெண்ணே வெளிநாட்டிலிருந்து போனில் பேசும்போது, "அம்மா, இப்பத்தானே சொன்னேன்" என்று எரிந்து விழுகிறாள், பிறகு அழுகிறாள். எனக்கே சில நாள் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரப் பிடிப்பதில்லை. இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களுக்கு எத்தனை நாள் தாங்கும்? தாங்காமல் போய்ப் பிறகு அனுப்புவதைவிட இப்போதே அனுப்புவது நல்லது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் ஒரு உதவி. லென்ஸ் சரக்கு எடுக்க நான் போயாக வேண்டும். அவள் கட்டுப்போட்ட கையோடு தனியாக இருக்கிறாள். நான் வரும்வரை அவளைக் கீழே உட்கார வைத்துக்கொள்ள முடியுமா?

தம்பி

*

ஜூலை 13

தம்பிக்கு,

வெள்ளிக்கிழமை நீ வந்து அழைத்துப்போனபோது, "ஒண்ணும் தொந்தரவு இல்லையே?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய். என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன். பிறகு நீயே முடிவு செய்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மலை என்ன ஆயிற்று என்று கேட்டாள். காட்டினேன். ஏணி கதையைச் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் மலை என்ன ஆயிற்று என்று கேட்டாள். மறுபடியும் ஏணி கதை, மறுபடியும் அதே சிரிப்பு. பரவாயில்லையே, நம் நகைச்சுவைக்கு இவ்வளவு நல்ல ரசிகை வேறு எங்கே கிடைப்பாள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் கடைசி அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், என் இன்ஜின்கள் எல்லாம் சோப்புத் தண்ணீர்ப் பாத்திரத்தில் கிடக்கின்றன. கட்டுப்போடாத கையால் ஒவ்வொன்றையும் எடுத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் சக்கரம் சக்கரமாகத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவு பதவிசாக. விசிறிக் காற்றில் நாட்கணக்காகக் காயவைத்துப் பிழைக்க வைத்த அந்த நீல இன்ஜினும் அதற்குள்.

கத்திவிட்டேன், தம்பி. நீ என்ன எழுதினாயோ அப்படியே. எதிர்வீட்டு ஜன்னல் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. "அறிவு இருக்கா?" என்று கேட்டேன். யாரைப் பார்த்து என்ன கேட்கிறேன் என்று சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது.

அவள் பிரஷைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி இல்லை. வகுப்பில் எல்லார் முன்னாலும் அவமானப்பட்ட பெரிய மனுஷி அழுகிற மாதிரி, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன், நாற்காலி போட்டேன். கொஞ்ச நேரத்தில் அழுகை நின்றது. கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "ஏன் ஈரமா இருக்கு?" என்று என்னைக் கேட்டாள். அவளுக்கு மறந்துவிட்டது. எனக்கு இன்று வரை மறக்கவில்லை.

நீ போனதும் ரம்பத்தை எடுத்தேன். கோபத்தில் எடுத்ததாக நினைக்காதே. இரண்டு நாள் ஆயிற்று, நிதானமாகத்தான் அறுத்தேன். அறுக்கிற கோட்டில் வருகிற தண்டவாளத்தை முதலில் வெட்டி, கீழே ஓடும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பலகையை நான்கு துண்டாக்கி வராந்தாவில் சாத்தியிருக்கிறேன். மேலே சின்ன அறையில் ஒரு துண்டுதான் பிடிக்கும் போலிருக்கிறது. வண்டி சுற்றி வராது. போய்த் திரும்பி வரும், அவ்வளவுதான்.

இனி கத்தமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க என்னால் முடியாது. எழுதினால் அது இன்னொரு மெஷின் குழாய்க் கதை ஆகிவிடும். கத்துவேன். கத்தியதை உன்னிடம் மறைக்கமாட்டேன். இதை வைத்துக்கொண்டு அவளை இங்கேயே வைப்பதா என்று யோசித்துச் சொல்.

கூடம் காலியாக இருக்கிறது. உங்கள் கட்டில் தாராளமாகப் பிடிக்கும்.

அண்ணன்

*

ஜூலை 15

அண்ணனுக்கு,

வராந்தாவில் பலகைகளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். "யார் இப்படிப் பண்ணினது?" என்று கேட்டாள்.

கத்தமாட்டேன் என்று நீங்கள் எழுதியிருந்தால் நான் அவளை அனுப்பியிருப்பேன்.

அவள் அக்காவுக்குப் போன் பண்ணிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை இறக்க இரண்டு ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் எதையும் தூக்க வேண்டாம், உங்கள் முதுகு தாங்காது. அந்த நான்கு பலகையையும் எறிந்துவிடாதீர்கள். மீதி மூன்றைக் கடையின் பின்கட்டில் வைக்க இடம் பார்க்கிறேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, அண்ணா.

தம்பி

*

நவம்பர் 9

தம்பிக்கு,

புதுக் கண் பரிசோதனை மெஷினைப் பற்றிப் படிக்க நீ வெளியூருக்குப் போனதிலிருந்து தினமும் போனில், "எப்படி இருக்கா?" என்று கேட்கிறாய். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், "நல்லா இருக்கா" என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? அதனால் எழுதுகிறேன். நீ திரும்பி வருவதற்குள் தபால் வந்து சேரும் என்று நம்புகிறேன்.

உன்னை இரண்டு தடவை தேடினாள். முதல் தடவை சொன்னதும் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது தடவை கேட்கவில்லை, செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள். நானும் கூடவே நடந்தேன். பூட்டிய கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றோம். திரும்பி வரும் வழியில் என்னை உன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டுமா? டாக்டரைக் கேட்டுச் சொல். ஒரு நேரம் தூங்குகிறாள், ஒரு நேரம் தூக்கமே இல்லை. போன மாதத்துக்கு இந்த மாதம் கொஞ்சம் இறங்கியிருக்கிறாள். நீயும் கவனித்திருப்பாய், நாம் இருவரும் அதைப் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டும்.

என்னைப் பற்றி: எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது. மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடலாம் என்று நேற்று தோன்றியது. உட்காரவும் செய்தேன். பிறகு இறங்கி வந்தேன்.

இன்று மத்தியானம் குழாயைத் திறந்துவிட்டு மறந்துவிட்டாள். நான் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். வந்து பார்த்தால் கூடம் முழுக்கத் தண்ணீர், உங்கள் கட்டில் கால் வரைக்கும். கத்தினீர்களா என்று கேட்பாய். கத்தினேன். "எத்தன தடவ சொல்றது!" என்று ஒரு வார்த்தை. அதோடு நிறுத்திக்கொண்டேன். அவளும் சும்மா இருக்கவில்லை, "ஏன் இப்படிக் கத்துறீங்க, மெதுவாச் சொன்னா ஆகாதா?" என்று திருப்பிக் கேட்டாள். சரிதானே என்று பட்டது.

ஆளுக்கு ஒரு துடைப்பம் எடுத்துக்கொண்டோம். நான் கூடத்தின் இந்தப் பக்கத்திலிருந்து, அவள் அந்தப் பக்கத்திலிருந்து. அவள் என்னைவிட நன்றாகத் தள்ளுகிறாள். மூலை முடுக்கு விடுவதில்லை. என் பக்கம் நான் விட்ட இடத்தையெல்லாம் வந்து காட்டி, "இங்க பாருங்க, இங்க பாருங்க" என்று வேலை வாங்கினாள். பின்வாசல் வழியாகத் தண்ணீர் முழுக்க வெளியே போயிற்று. கதவுகளைத் திறந்துவைத்து, விசிறியைப் போட்டுவிட்டு, இருவரும் களைத்துப்போய் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

தரை காய்ந்ததும் சுற்றிலும் ஒரு தடவை பார்த்தாள். "வீடு பளிச்சுனு இருக்குல்ல?" என்றாள்.

இருந்தது.

அண்ணன்